பழைய வண்டிக்கு அரசு தந்த விலை

நம் ஊர்த் தெருக்களில் பழைய பாத்திரத்தைக் கொடுத்துப் புதுப் பாத்திரம் வாங்கும் வழக்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். ஒடுக்கு விழுந்த பித்தளைக் குடத்தையும், பிடி கழன்ற செம்பையும் வியாபாரி தராசில் வைத்து நிறுப்பான். அவற்றின் எடைக்கு ஒரு விலை போட்டு, புதுக் குடத்தின் விலையில் கழித்துக்கொள்வான். பழைய குடம் உலைக்குப் போய்விடும். இதில் மறைபொருள் ஒன்றும் இல்லை. பித்தளைக்கு உள்ள விலையே பழைய குடத்துக்கும் விலை.

இந்த எளிய வாணிபத்தில் அரசாங்கமே தராசைக் கையில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? எடைக்கு உரிய விலையைப் போலப் பல மடங்கு தந்து, “இந்தப் பழைய வண்டியை எவரும் இனி ஓட்டக் கூடாது, உடைத்துவிட வேண்டும், பதிலுக்கு நீ புதிய வண்டி வாங்க வேண்டும்” என்று அரசே நிபந்தனை விதித்தால் அதன் பயன் யாரைச் சேரும்? கடந்த முப்பது ஆண்டுகளில் பல நாடுகள் இதைச் செய்து பார்த்தன. நம் நாடும் 2021-ஆம் ஆண்டு முதல் தனக்கு உரிய முறையில் இதைச் செய்து வருகிறது. டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறி, தந்தையார் வாங்கிய வண்டியை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்று எண்ணிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு இவ்வரலாறு அயலார் கதை அன்று. ஆதலின், அதனைத் தொடக்கத்திலிருந்து காண்போம்.

ஐரோப்பாவில் இம்முறையைப் பலரும் அறியச் செய்த நாடு பிரான்சு. 1994-ஆம் ஆண்டு பிப்ரவரியில், எதுவார் பலதூர் பிரதமராக இருந்தபோது, பத்தாண்டுக்கு மேற்பட்ட மோட்டார் வண்டியை உடைக்கக் கொடுத்துப் புதியது வாங்குவோருக்கு 5,000 பிராங்கு வழங்கப்பட்டது. அவருக்குப் பின் வந்த அலேன் ழூப்பே 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் வேறொரு திட்டம் கொணர்ந்தார். அதில் எட்டாண்டு கடந்த வண்டிகளுக்கே சலுகை கிட்டியது. வாங்கும் வண்டியின் அளவைப் பொறுத்து 5,000 அல்லது 7,000 பிராங்கு தரப்பட்டது. பிரெஞ்சு மக்கள் இவ்விரு சலுகைகளுக்கும் அவ்விரு பிரதமர்களின் பெயரையே செல்லப் பெயராக மாற்றிச் சூட்டினர்.

மோட்டார் கம்பெனிகள் மகிழ்ந்தன. எனினும் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இரண்டாம் திட்டம் 1996-ஆம் ஆண்டு செப்டம்பரில் முடிந்தது. அவ்வாண்டு பிரான்சில் ஏறத்தாழ 21 லட்சம் புதிய வண்டிகள் விற்றன. மறு ஆண்டு விற்றவை ஏறத்தாழ 17 லட்சமே. நாளை வாங்க இருந்தவர் இன்றே வாங்கிவிட்டார். நாளை கடைக்கு வரவேண்டியவர் வரவில்லை. விதை நெல்லை எடுத்து விருந்து வைத்தது போன்ற இந்நிலையைப் பின்வந்த நாடுகளும் கண்டன.

2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் பெரிய பண நிறுவனங்களுள் ஒன்றான லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தது. அதன் அதிர்ச்சியில் உலகெங்கும் கடன் கொடுப்பது நின்றது. மேல்நாடுகளில் வண்டி வாங்குவோர் பெரும்பாலும் கடன் பெற்றே வாங்குபவர். கடன் இல்லையேல் வண்டி இல்லை. வண்டி விற்கவில்லையேல் தொழிற்சாலை இல்லை. தொழிற்சாலை நின்றால் இரும்பு, ரப்பர், கண்ணாடி, வண்ணப் பூச்சு என்று பல தொழில்களும் உடன் நிற்கும். இந்தச் சங்கிலியைக் கண்டு அஞ்சிய அரசுகள் பிரான்சின் பழைய மருந்தை மறுபடி நாடின.

முதலில் ஜெர்மனி. 2009-ஆம் ஆண்டு ஜனவரியில் அது அறிவித்த திட்டப்படி, ஒன்பது ஆண்டு கடந்த வண்டியை உடைக்கக் கொடுத்துப் புதியது வாங்குவோருக்கு 2,500 யூரோ கிடைத்தது. பழைய வண்டி ஓராண்டாவது அவர் பெயரில் இருந்திருக்க வேண்டும். முதலில் 150 கோடி யூரோ ஒதுக்கினர். மக்கள் திரண்டு வரவே அது 500 கோடியாக உயர்த்தப்பட்டது. கணக்குப் போட்டால் 20 லட்சம் வண்டிகளுக்கு அது போதும். அத்தொகையும் செப்டம்பர் தொடக்கத்தில் தீர்ந்தது. அரசாங்கம் இதற்குச் சூட்டிய பெயர் ‘சுற்றுச்சூழல் ஊக்கத்தொகை’. மக்களோ ‘உடைப்புப் பரிசு’ என்று பொருள்படும் ஒரு சொல்லால் இதனை அழைத்தனர். ஜெர்மன் மொழிச் சங்கம் அச்சொல்லையே 2009-ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. சுற்றுச்சூழல் என்ற பெயரை மக்கள் எவ்வளவு நம்பினர் என்பதற்கு இதுவே சான்று.

இங்கும் பிரான்சில் நடந்ததே நடந்தது. 2008-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பதிவான புதிய வண்டிகள் ஏறத்தாழ 31 லட்சம். 2009-ஆம் ஆண்டு 38 லட்சம். 2010-ஆம் ஆண்டு 29 லட்சம். ஏற்றத்தைத் தொடர்ந்து இறக்கம் வந்தது. ஆயினும் நெருக்கடி முற்றிய ஆண்டில் தொழிலாளரின் வேலை காக்கப்பட்டது என்று அத்திட்டத்தை ஆதரிப்போர் கூறினர். அதையும் நாம் புறக்கணிப்பதற்கில்லை. வெள்ளத்தில் அகப்பட்டவனுக்கு அப்போது கிடைத்த கட்டை பெரிது. அது நாளை அடுப்புக்கு ஆகாதே என்று அவன் எண்ணமாட்டான்.

அடுத்து பிரிட்டன். அங்கு அலிஸ்டர் டார்லிங் நிதி மந்திரியாக இருந்தார். 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் வரவு செலவுத் திட்டத்தில் அவர் இதனை அறிவிக்க, மே மாதம் 18-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டு கடந்த வண்டியை, குறைந்தது பன்னிரண்டு மாதமாவது தம் பெயரில் வைத்திருந்தவர் உடைக்கக் கொடுத்தால், புதிய வண்டியின் விலையில் 2,000 பவுன் குறையும். அதில் பாதி அரசாங்கம் தந்தது. மறுபாதி வண்டி செய்யும் கம்பெனி தந்தது. 3 லட்சம் வண்டிகளுக்கு என்று 30 கோடி பவுன் ஒதுக்கினர். இலையுதிர் காலத்தில் மேலும் 10 கோடி சேர்த்தனர். 2010-ஆம் ஆண்டு மார்ச்சில் திட்டம் முடிந்தபோது, ஏறத்தாழ 4 லட்சம் பழைய வண்டிகள் உடைபடச் சென்றிருந்தன.

அரசாங்கம் தந்த 1,000 பவுன் உண்மையிலேயே கொடையா என்பதை ஆராய்வோம். அவ்வாண்டு பிரிட்டனில் விற்பனையோடு சேரும் வரி 15 சதவீதம். வரியுடன் 8,000 பவுன் விலையுள்ள ஒரு வண்டியில் வரி மட்டும் 1,000 பவுனுக்குச் சற்று மேல் வரும். சலுகை இல்லாவிடில் அந்த மனிதர் வண்டியே வாங்கியிரார் என்றால், அரசு ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பெற்றுக்கொண்டது எனலாம். ஆனால் சலுகை இல்லாவிடினும் அவர் வாங்கியிருப்பார் என்றால், அது கஜானாவிலிருந்து போன பணமே. இந்த ‘என்றால்’ என்னும் சொல்லின்மேல்தான் திட்டத்தின் முழுக் கணக்கும் நின்றது.

சலுகை எவ்வளவு விலையுள்ள வண்டிக்கும் ஒன்றே. ஆதலின் 20,000 பவுன் வண்டியில் 2,000 குறைவது பத்தில் ஒரு பங்கு. 8,000 பவுன் வண்டியில் அதுவே நான்கில் ஒரு பங்கு. இயல்பாகவே மக்கள் சிறிய, மலிவான வண்டிகளை நாடினர். இவ்விடத்தில்தான் நம்மவர் வியக்கத்தக்க செய்தி ஒன்று வருகிறது. அச்சலுகையில் மிகுதியாக விற்ற வண்டிகளுள் ஒன்று ஹூண்டாய் கம்பெனியின் ஐ-10. கம்பெனி தென் கொரியாவைச் சேர்ந்தது. வண்டி பிறந்த ஊரோ திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை.

ஏரியும் வயலும் சூழ்ந்த அவ்வூரில் 1998-ஆம் ஆண்டு வண்டி உற்பத்தி தொடங்கியது. 2007-ஆம் ஆண்டு ஐ-10 வெளிவந்தது. அங்குச் செய்த வண்டிகள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி ஐரோப்பா சென்றன. 2009-ஆம் ஆண்டில் அக்கம்பெனி இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்தவை ஏறத்தாழ 2,70,000 வண்டிகள். அதன் உற்பத்தியில் பாதிக்குச் சற்றே குறைவு. ஆங்கிலேயர் ஒருவர் தம் பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தார். அவர் நாட்டு அரசு 1,000 பவுன் தந்தது. அதனால் காஞ்சிபுரத்துப் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு இரவு முறையில் வேலை இருந்தது. தங்கள் வரிப்பணம் அயல்நாட்டுத் தொழிற்சாலைகளை வளர்க்கிறதே என்று பிரிட்டனில் சிலர் முணுமுணுத்தனர். அதுவும் இயல்பே. ஒரு நாட்டின் எல்லைக்குள் ஊற்றிய தண்ணீர் எல்லை தாண்டியும் பாய்ந்தது.

கடல் கடந்து அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கு 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒபாமா கையொப்பமிட்ட சட்டப்படி, பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் பழைய வண்டியைக் கொடுத்துச் சிக்கனமான புதியது வாங்குவோருக்கு 3,500 அல்லது 4,500 டாலர் சலுகை கிடைத்தது. எவ்வளவு பெட்ரோல் மிச்சமாகிறதோ அதற்கேற்ப தொகை அமைந்தது. பிரிட்டனில் வண்டியின் வயதைப் பார்த்தனர். அமெரிக்காவில் அதன் பசியைப் பார்த்தனர். அம்முறை சிறந்தது என்றே சொல்லலாம். ஒதுக்கிய 100 கோடி டாலர் சில நாட்களிலேயே தீர, காங்கிரஸ் மேலும் 200 கோடி தந்தது. ஆகஸ்டு 24-ஆம் தேதி திட்டம் முடிந்தபோது, 6,77,000-க்கு மேற்பட்ட வண்டிகள் கைமாறியிருந்தன.

அப்பழைய வண்டிகளின் முடிவு இரங்கத்தக்கது. அவற்றின் எஞ்சின் மறுபடி எவ்வண்டியிலும் ஏறாதபடி செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆதலால் எஞ்சின் எண்ணெயை வடித்துவிட்டு, சோடியம் சிலிகேட் என்னும் நீர்க்கண்ணாடிக் கரைசலை ஊற்றி, எஞ்சினை ஓடவிடுவர். சூட்டில் நீர் வற்ற, கரைசல் கண்ணாடிபோல் இறுகி, எஞ்சினின் உள்ளுறுப்புகளைப் பற்றிக்கொள்ளும். சில நிமிடங்களில் எஞ்சின் இழுத்து இழுத்து நின்றுவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்களும் இவ்வாறு மாண்டன. ஒரு திருகாணியைக்கூடத் துடைத்து எடுத்து வைக்கும் நம் பட்டறைக்காரர் எவரும் இக்காட்சியை மனம் பதறாமல் பார்த்திருக்க மாட்டார்.

பொருளாதார அறிஞர் பின்னர் கணக்கெடுத்தனர். அத்தீஃப் மியான், அமீர் சூஃபி என்னும் இருவர் ஆராய்ந்து கண்டது யாதெனில், அவ்விரு மாதங்களில் கூடுதலாக விற்ற வண்டிகள் ஏறத்தாழ எல்லாமே அடுத்த பத்து மாத விற்பனையிலிருந்து முன்னதாக இழுக்கப்பட்டவை என்பது. வேறு அறிஞர் சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். சிக்கனமான வண்டியையே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையால் மக்கள் சிறிய, விலை குறைந்த வண்டிகளை வாங்கினர். ஆதலால் கம்பெனிகளுக்கு வந்த மொத்த வருமானம் குறைந்ததேயன்றிக் கூடவில்லை என்றனர். காற்றைக் காக்க இட்ட நிபந்தனை தொழிலைக் காக்கும் நோக்கத்தை அரித்தது. இரு முயல்களை ஒரே சமயத்தில் துரத்தியதன் பயன் அது.

இவை எல்லாம் அரசு பக்கத்துக் கணக்கு. வீட்டுப் பக்கத்துக் கணக்கு ஒன்று உண்டு. நமக்கு அதுவே முக்கியம். 2,000 பவுன் சலுகை கிடைத்தாலும் மீதியைக் கொடுக்க வேண்டியவர் வண்டி வாங்குபவரே. கையில் சேமிப்பு உள்ளவர், அல்லது கடன் கிடைக்கும் தகுதி உள்ளவர் மட்டுமே அதனைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். சில நூறு பவுனுக்கு மூன்றாம் கை வண்டி வாங்கி வேலைக்குப் போய் வரும் ஏழைக்கு இச்சலுகை எட்டாது. அதுமட்டுமன்று. அவன் வாங்கக்கூடிய பழைய வண்டிகளே உடைபட்டு, சந்தையில் அருகின. ஏழைக்கு உதவாத சலுகை அவன் வாங்கும் பொருளையும் அருமையாக்கியது. அமெரிக்காவில் இக்குறை அப்போதே சொல்லப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி வரவு செலவுத் திட்டத்தில் நிர்மலா சீதாராமன் அறிவித்த வண்டிக் கழிப்புக் கொள்கை, அவ்வாண்டு ஆகஸ்டு 13-ஆம் தேதி பிரதமரால் தொடங்கி வைக்கப்பட்டது. மேல்நாட்டு முறைக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. அங்கு அரசு கஜானாவிலிருந்து ரொக்கத்தை எடுத்துத் தந்தது. இங்கு மத்திய அரசு ரொக்கம் தரவில்லை. சலுகைகளைச் சேர்த்து வைத்தது. அங்கு திட்டம் சில மாதங்களில் முடியும் திருவிழா. இங்கு அது நிலையான ஏற்பாடு.

அதன் வழிமுறை இது. சொந்த வண்டிக்கு இருபது ஆண்டும், வாடகை வண்டி, சரக்கு வண்டிகளுக்குப் பதினைந்து ஆண்டும் ஆனபின் தகுதிச் சோதனையில் தேற வேண்டும் என்பது கொள்கை. கழிக்க விரும்புவோர் பதிவு பெற்ற வண்டி உடைப்பு நிலையத்தில் வண்டியை ஒப்படைக்கலாம். ஒப்படைத்ததற்குச் சான்றிதழ் ஒன்று தரப்படும். அச்சான்றிதழே முக்கியம். அதைக் காட்டினால் புதிய வண்டியின் பதிவுக் கட்டணம் தள்ளுபடியாகும். சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரையும், வாடகை மற்றும் சரக்கு வண்டிகளுக்கு 15 சதவீதம் வரையும் குறைக்க மாநிலங்களுக்கு வழி செய்யப்பட்டது. கம்பெனிகள் 5 சதவீதம் தள்ளுபடி தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளப்பட்டன. பழைய வண்டியின் இரும்பு விலையாகப் புதிய வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்கலாம் என்பது அரசின் மதிப்பீடு.

6 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அரசின் மதிப்பீட்டின்படி இரும்பு விலை 24,000 முதல் 36,000 ரூபாய். 5 சதவீதத் தள்ளுபடி கிடைத்தால் 30,000. ஆனால் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பல கம்பெனிகள் உண்மையில் ஒப்புக்கொண்டது 1.5 சதவீதம் அல்லது 20,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது. அக்கணக்கில் தள்ளுபடி 9,000 ரூபாயே. அறிவிப்பில் உள்ள தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் உள்ள தொலைவை இதிலிருந்து அறியலாம். புதிய வண்டி மலிவாகிவிட்டது என்று கடைக்கு ஓடுமுன், நம் மாநிலத்தில் வரிச் சலுகை எவ்வளவு, நாம் வாங்கும் வண்டிக்குத் தள்ளுபடி எவ்வளவு என்று எழுத்து மூலம் கேட்டு அறிதல் நன்று.

மாநிலம் விட்டு மாநிலம் வந்த நமக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. டில்லியிலும் அதன் சுற்றுப் பகுதியிலும் பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-ஆம் ஆண்டு ஆணையிட்டது. டீசல் வண்டிக்கு எல்லை பத்தாண்டு என்று 2015-ஆம் ஆண்டு கூறியது. 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. 2025-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருளே தரக் கூடாது என்ற கட்டுப்பாடு தொடங்கி, மக்கள் எதிர்ப்பால் சில நாட்களில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வண்டியின் வயதை மட்டுமே காரணமாகக் காட்டிக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதுவும் பின்னர் திருத்தம் பெற்றது. இவ்வாணைகள் மாறி வருபவை. ஆதலால் டில்லியில் உள்ள அன்பர்கள் அண்டை வீட்டார் சொல்லை நம்பாமல், பதிவு அலுவலகத்தில் அவ்வப்போது நிலைமையைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

அங்கு வயது முடிந்த வண்டி ஊரில் ஓடலாமே என்று எண்ணுவோரும் உண்டு. தடையில்லாச் சான்றிதழ் பெற்று வண்டியைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியோர் பலர். அங்கு மறு பதிவும் வரியும் உண்டு; பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. ரயிலேற்றும் செலவையும் இவற்றோடு கூட்டிப் பார்த்தால், வண்டியின் விலையை அதன் பயணமே தின்றுவிடுவதும் உண்டு.

பின் அதனைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா? டில்லியின் மாயாபுரி, பம்பாயின் குர்லா, கல்கத்தாவின் மல்லிக் பஜார், நம் சென்னையின் புதுப்பேட்டை ஆகியவை இத்தொழிலில் தலைமுறை தலைமுறையாகப் பெயர் பெற்றவை. அங்குள்ளோர் கைத்திறன் மிக்கவர். கதவைக் கதவாகவும் விளக்கை விளக்காகவும் கழற்றி, மற்றோர் ஏழையின் வண்டிக்கு உயிர் கொடுப்பவர். எஞ்சினில் நீர்க்கண்ணாடி ஊற்றும் முறையைவிட இது அறிவுடையது என்றே சொல்லத் தோன்றும். ஆனால் கழிவு எண்ணெய் மண்ணில் ஊறுவதும், பாட்டரிக் காரீயம் உடலில் சேர்வதும், பாதுகாப்பின்றி உழைப்போர் கை புண்ணாவதும் அங்கு உள்ள துன்பங்கள். புதிய நிலையங்கள் அவற்றைத் தவிர்க்கவே ஏற்பட்டன. பழைய கைத்திறனைத் தெருவில் விட்டுவிடாமல் அந்நிலையங்களுக்குள் அழைத்துக்கொள்ளும் நாளில்தான் இக்கொள்கை முழுமை பெறும் என்பது நம் கருத்து.

வண்டியை எங்குக் கொடுத்தாலும் ஒன்றை மறத்தல் கூடாது. பதிவை ரத்து செய்யாமல் வண்டியைக் கைவிட்டால், ஏட்டில் அது நம் பெயரிலேயே இருக்கும். அதனை வைத்து எவரேனும் தவறு செய்தால் போலீசார் தேடி வருவது நம் வீட்டுக்கே. பதிவு பெற்ற நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவதும், அடிச்சட்ட எண் அழிக்கப்பட்டதை உறுதி செய்வதும், பதிவு ரத்தானதைப் பார்ப்பதும் நம் கடமை.

பிரான்சும் ஜெர்மனியும் பிரிட்டனும் அமெரிக்காவும் பெற்ற அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தால், வீட்டுக்காரர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று தேறும். சலுகை இல்லாவிடினும் நாம் இவ்வாண்டு புதிய வண்டி வாங்கியிருப்போமா? சலுகை போக மீதித் தொகையை, கடனுக்கு வட்டி உட்பட, நம் சம்பளம் தாங்குமா? நம் பழைய வண்டி உண்மையில் புகை கக்குவதா, அல்லது வாரம் ஒரு முறை கோயிலுக்கும் கடைக்கும் போய் வரும் நல்ல வண்டியா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் சலுகை நமக்கு லாபம்; வாங்கிக்கொள்ளலாம். இரண்டாம் கேள்விக்கு இல்லை என்றால், எவ்வளவு மலிவும் மலிவன்று. மூன்றாம் கேள்விக்கு விடை, தகுதிச் சோதனை நிலையத்தில் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அங்கு முதலில் சென்று வருவோம். விற்பனைக் கடைக்குப் பிறகு போகலாம்.